பந்தியில உக்காந்தவங்கள எழுப்பி விடலாமா?

ஞாயித்துக்கிழமை அசனத்துல, அதான் நம்ம சர்ச்சுல போடுற பொதுப் பந்தியில, நடந்தது நம்ம சபைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். கட்டட வேலைக்கு வந்திருக்கிற அந்த இந்திக்காரப் பையன்க இலை முன்னாடி உக்காந்தாச்சு, ஒருத்தன் தண்ணி தெளிச்சு இலைய தொடச்சுக்கிட்டு இருக்கான், அப்ப போயி தோள தட்டி "டோக்கன் இருக்கா"ன்னு கேட்டு எழுப்பி விட்டாச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறல.

அசனம்னா யாரு வந்தாலும் சோறு. நான் சின்னப் பிள்ளையில இருந்து பாத்தது அதுதான், எந்த சாதி எந்த மதம்னு பந்தியில யாரும் கேட்டதில்ல. எங்கம்மா இன்னைக்கும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து தனி டப்பாவுல போட்டு வச்சு பிடி அரிசி காணிக்கைன்னு கோயிலுக்கு கொண்டு போறாங்க. அது சபைக்கு சந்தா கட்டுனவங்களுக்கு மட்டும்னு சொல்லியா போடுறாங்க?

"சாப்பாடு பத்தாம போயிருக்கும்"னு சொல்றவங்களுக்கு, மூணு மணிக்கு மேல தூக்குச்சட்டி தூக்குச்சட்டியா கறிக்குழம்பு கமிட்டிக்காரங்க வீட்டுக்கு போனத நான் கண்ணால பாத்தேன். அதுக்கு மேல அந்தப் பேச்சு வேண்டாம்.

இன்னொரு அண்ணாச்சி வாட்ஸப் குரூப்ல வசனமே போட்டுட்டாரு. பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் 6ம் அதிகாரம், வசனத்த விட்டுட்டு பந்தி விசாரிக்கிறது தகுதியில்லன்னு இருக்காம், அதனால சபைக்கு ஆத்தும வேலைதான் முக்கியமாம். அண்ணாச்சி, முந்தின வசனத்தையும் வாசிங்க. அங்க சண்டையே எதுக்கு வந்துச்சு? கிரேக்க பாஷை பேசுன விதவைங்கள அன்னாடம் சாப்பாடு பங்கு வைக்கும்போது விட்டுட்டாங்கன்னுதான. பாஷை வேற, அதனால விட்டுப்போச்சு. இயேசுவோட சீஷங்களான அப்போஸ்தலர்கள் என்ன செஞ்சாங்க, டோக்கன் அடிச்சாங்களா? பந்தி விசாரிக்கன்னே ஏழு பேர தெரிஞ்செடுக்கச் சொன்னாங்க, அதுவும் பரிசுத்த ஆவி நிறைஞ்ச ஆளா பாத்து. சோறு பரிமாற அவ்வளவு தகுதி கேட்டிருக்காங்க. அந்த ஏழு பேர்ல ஒருத்தர்தான் ஸ்தேவான், விசுவாசத்துக்காக உயிர விட்ட முதல் இரத்தசாட்சி. இன்னொருத்தர் பிலிப்பு, சமாரியா வரைக்கும் போய் பிரசங்கம் பண்ணவர். பந்தி வேற பிரசங்கம் வேறன்னு அவங்க பிரிக்கல, நாமதான் பிரிக்கிறோம்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் இயேசுவே கடற்கரையில சீஷங்களுக்கு கரிநெருப்பு போட்டு மீன் சுட்டு வச்சு, மொதல்ல சாப்பிட வாங்கன்னுதான கூப்பிட்டாரு, சீஷன் பேதுருகிட்ட ஆடுகள மேய்க்க, அதாவது ஜனங்கள வழிநடத்தச் சொன்னது எல்லாரும் சாப்பிட்டதுக்கு அப்புறம்தான்.

எங்க அப்பா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, யாருன்னே தெரியாத ஒரு அக்கா வார்டு வார்டா கஞ்சியும் தேங்காத் தொகையலும் கொண்டு வருவாங்க. எங்க அப்பாவுக்கு கை நடுங்கும்னு அவங்களே ஸ்பூன்ல ஊட்டி, வாய தொடச்சு விட்டுட்டு, "ஐயா, ஜெபம் பண்ணட்டுமா"ன்னு கேப்பாங்க. பக்கத்து பெட்டு பாய்க்கும் அதே கஞ்சிதான், அவரு ஜெபம் வேண்டாம்னாரு, மறுநாளும் கஞ்சி வந்துச்சு. அப்பா சாகுறதுக்கு முன்னாடி வரைக்கும் அந்த அக்காவப் பத்திதான் பேசுனாங்க. நம்ம சபையில இருந்து ஒரு ஆள் எட்டிப் பாக்கல, அத இப்ப எழுதக்கூடாதுன்னு இருந்தேன், எழுதிட்டேன்.

"சபை விஷயத்த முகநூல்ல போட்டு மானத்த வாங்குற"ன்னு போன் வந்துச்சு. அந்தப் பையன் நாலு பேரு பாக்க எந்திரிச்சுப் போனானே, அவன் மானத்தப் பத்தி ஒருத்தரும் போன் பண்ணல.

சந்தாவ நிறுத்த மாட்டேன், சபைய விட்டும் போக மாட்டேன். அடுத்த அசனத்துக்கு பரிமாற நான் நிக்கேன். என் வரிசையில யாரு உக்காந்தாலும் இலை விழும், எழுப்பணும்னா என்கிட்ட வந்து பேசுங்க.