பத்து வருடக் காசு கேட்கிறேன்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. வவுனியாவில் 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இயங்குகிறது. படித்த ஆட்களுக்கு வன்னியில் பஞ்சமில்லை. அவர்களைச் சேர்த்து உட்காரவைத்து, நின்று நிதானமாக ஆராய்ச்சி செய்யவிடத்தான் காசில்லை. அதற்குத்தான் பத்து வருடக் காசு கேட்கிறேன்.

காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயை எடுங்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களிலேயே தெரியவந்த நோய், வவுனியாப் பக்கமும் இருக்கிறது. புளோரைட்டு, கடினத்தன்மை கூடிய தண்ணீர், பூச்சிமருந்து, வெயிலில் உடம்பு வற்றுவது என்று பலதும் சொல்கிறார்கள், இன்னும் முடிந்த முடிவில்லை. நோயாளியை வைத்தியர் பார்ப்பார், கிணற்றை நிலத்தடி நீர் தெரிந்தவர் பார்ப்பார், வயலுக்கு என்ன அடிக்கிறோம் என்று விவசாயக்காரர் கேட்பார். எந்தக் கிணற்றில் எத்தனை வருடம் குடித்தார்கள் என்பதை வீட்டுப் பெண்களிடம் பொறுமையாகக் கதைத்து அறிய இன்னொருவர் வேண்டும். இவர்கள் ஆளுக்கொரு திட்டத்தில் இருந்தால் ஆளுக்கொரு அறிக்கைதான் வரும்.

எங்கள் கிணறு மார்கழியில் கைக்கெட்டும். ஆவணியில் வாளிக்கயிறு போதாது, தண்ணீரின் ருசியே மாறிவிடும். ஒருமுறை ஒரு திட்டத்துப் பிள்ளைகள் வந்து போத்தலில் நிரப்பி, மூடியில் பேனையால் இலக்கம் எழுதிக்கொண்டு போனார்கள். முடிவைக் கேட்டபோது திட்டம் முடிந்துவிட்டதாம். பிள்ளைகளில் பிழையில்லை, ஒப்பந்தம் முடிய அவர்களும் வேலை தேடித்தானே போகவேண்டும். ஆனால் ஒரு மாரியில் எடுத்த ஒரு போத்தலை வைத்து யார் என்ன சொல்வது?

நோர்வேயில் சிறப்பாய்வு மையங்களுக்குப் பத்து வருடம் வரை அரசுக் காசு, நடுவில் ஒரு மதிப்பீடு. ஜெர்மனியில் இப்படியான ஆய்வுக் கூட்டணிகளுக்கு ஏழு வருடம். அவர்கள் பணக்காரர்கள், சரி. இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதமளவுதான். அதனால்தான் தொகையைக் கூட்டச் சொல்லாமல் காலத்தை நீட்டச் சொல்கிறேன். சின்னத் தொகையென்றாலும் பத்து வருடம் தவறாமல் வரட்டும்.

ஆஸ்பத்திரியில் மருந்துக்கே வழியில்லை, ஆய்வுக்கு ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரத்தச் சுத்திகரிப்புக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போகிறவர்களின் செலவையும் அரசாங்கம்தானே சுமக்கிறது? காரணம் தெரியாதவரை அந்த வரிசை நீண்டுகொண்டே போகும்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் பிரச்சினையிலும் இதே கதை. பொறியியலாளர்களின் கணக்கு ஒரு பக்கம், சிறுபோகம் (கோடை நெற்செய்கை) போய்விடும் என்ற கமக்காரர்களின் பயம் மறுபக்கம். இரண்டு தரப்பும் நம்பக்கூடிய, பல வருடம் தொடர்ந்து அளந்த கணக்கோடு நடுவில் நிற்க யாரும் இருக்கவில்லை.

காசைக் கேள்வியில்லாமல் கொடுக்கவும் சொல்லவில்லை. ஐந்தாம் வருடம் வெளியாட்கள் வந்து பார்க்கட்டும். ஒவ்வொரு வருடத்து முடிவும் தமிழில் கமக்காரர் அமைப்புகளுக்கு வரட்டும். புதுக் கட்டடம் மட்டும் வேண்டாம் (பெயர்ப்பலகை திறக்க ஆசைப்படுகிறவர்கள் மன்னிக்கவும்). இருக்கிற ஆய்வுகூடத்தில் இரண்டு தொழில்நுட்பவியலாளருக்கு நிரந்தர நியமனம் கொடுத்து அடுத்த காலபோகத்தோடு (மாரி நெற்செய்கையோடு) தொடங்கினாலே போதும்.