லண்டன் டாக்டர் வேணாம்னுட்டார்

தம்பி: பாப்பாவுக்கு தட்டம்மை ஊசி போடலக்கா. டாக்டர் வேணாம்னுட்டார்.

அக்கா: ஐயோ, ஏன்டா? காய்ச்சலா?

தம்பி: அவ நல்லாதான் இருக்கா. இவர் லண்டன் டாக்டர்.

அக்கா: லண்டன் வரைக்குமா தூக்கிட்டுப் போனீங்க?

தம்பி: வீடியோக்கா. வேக்ஃபீல்டுனு பேரு. அந்த ஊசியால ஆட்டிசம் வருதுன்னு ஆராய்ச்சி பண்ணி 1998லயே பெரிய மருத்துவ பத்திரிகைல எழுதிட்டார்.

அக்கா: எத்தன பிள்ளைங்கள வச்சு?

தம்பி: 12.

அக்கா: 12 ஆயிரமா?

தம்பி: 12க்கா.

அக்கா: லட்சமா?

தம்பி: வெறும் 12.

அக்கா: உன் வாட்ஸப் குரூப்லயே அதவிட அதிகம் பேர் இருப்பாங்களேடா! அந்த கட்டுரைய 2010ல பத்திரிகையே வாபஸ் வாங்கிடுச்சு, அதே வருஷம் அவர் டாக்டர் லைசன்ஸும் போச்சு. டென்மார்க்ல ஆறரை லட்சம் பிள்ளைங்கள பாத்துட்டு சம்பந்தமே இல்லன்னு 2019ல சொல்லிட்டாங்க.

தம்பி: உண்மைய சொன்னா அப்படித்தான் அமுக்குவாங்க.

அக்கா: சரி, அந்த உண்மையவாவது முழுசா கேட்டியா? ஊசியே வேணாம்னு அவர் சொல்லலடா. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூணுக்கும் ஒரே ஊசியா சேத்து போடாதீங்க, தனித்தனியா போடுங்கன்னார். அதுக்கு முந்தின வருஷமே தனியா ஒரு தட்டம்மை ஊசிக்கு பேடண்டும் கேட்டு வச்சிருந்தார்!

தம்பி: (கொஞ்ச நேரம் சத்தமே இல்ல) அது வந்து... எல்லாரும் போட்டுட்டாங்கல்ல, நமக்கு எங்கேர்ந்து வரப்போகுது?

அக்கா: 100க்கு 95 பேர் போட்டாதான் அந்தக் கணக்கே நிக்கும். மிச்ச 5 இடம் ஊசி போடற வயசு வராத கைக்குழந்தைக்கும் கேன்சர் சிகிச்சைல இருக்கற பிள்ளைக்கும். அதுல போய் நீ துண்டு போட்டு உக்காந்திருக்க.

தம்பி: நாங்க கூட்டத்துக்கே போறதில்லக்கா.

அக்கா: தட்டம்மை வந்தவன் ரூம விட்டுப் போனப்புறமும் 2 மணி நேரம் வரைக்கும் கிருமி காத்துலயே இருக்கும்டா. கூட்டம் எதுக்கு.

தம்பி: இன்னும் கொஞ்சம் ரிசர்ச் பண்ணணும்.

அக்கா: பண்ணு பண்ணு. பாப்பா இப்ப எத்தன கிலோ?

தம்பி: அத என் பொண்டாட்டியத்தான் கேக்கணும்.

அக்கா: அதானே! கார்ட பத்திரமா வைக்கறது அவ, தேதிய ஞாபகம் வைக்கறது அவ, ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி பூரா அனத்தற பிள்ளைய தோள்ல போட்டு நடக்கறதும் அவ, நீ மட்டும் கட்டில்ல படுத்து வீடியோ பாத்துட்டு முடிவு எடுப்ப, அதுக்குப் பேரு ரிசர்ச்சு.

தம்பி: கோவப்படாதக்கா. வீடியோ போட்டவரே இயற்கையா ஒரு சொட்டு மருந்து விக்கறார், ஆர்டர் போட்டு வந்துடுச்சு.

அக்கா: தட்டம்மையும் இயற்கைதான்டா. அந்த சொட்டு மருந்த எத்தன பேருக்கு குடுத்துப் பாத்தாங்களாம்?

தம்பி: இரு, பாட்டில்ல பாக்கறேன்... ஒண்ணும் போடலக்கா.

அக்கா: ஒரு 12 பேராவது?

தம்பி: நல்லா குலுக்கணும்னு மட்டும் போட்டிருக்கு.