தீராத வழக்கும் தீராத கோபமும்

குற்றப்புனைவு எழுத்தாளர் டானா ஃபிரெஞ்சின் முதல் நாவலான ‘இன் த வுட்ஸ்’ 2007-இல் வெளிவந்து, மறு ஆண்டே மர்மக் கதைகளுக்கு வழங்கப்படும் எட்கர் விருதுகளில் சிறந்த முதல் நாவலுக்கான விருதைப் பெற்றது. ஆயினும் அதைப் படித்தவர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, கடைசிப் பக்கத்தில் ஏமாற்றப்பட்டதாகக் கொதிப்பவர்களும் உண்டு. முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது என்பதால், இனிமேல்தான் படிக்கவேண்டும் என்றிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1984 கோடையில், டப்ளினை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மூன்று பிள்ளைகள் காட்டுக்குள் விளையாடப் போகிறார்கள். மரத்தோடு ஒட்டிக்கொண்டு, காலணிகளுக்குள் ரத்தத்துடன், எதுவும் நினைவில்லாதவனாக ஒருவன் மட்டும் மீட்கப்படுகிறான். மற்ற இருவரும் கிடைக்கவேயில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, ராப் ரையன் என்ற பெயரில் கொலை வழக்குகளை விசாரிக்கும் காவல் அதிகாரியாகிவிட்ட அவனிடமே, அந்தக் காட்டை ஒட்டிய அகழாய்வுக் களத்தில் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வழக்கு வந்து சேர்கிறது. சிறுமியின் கொலை துலங்குகிறது. பழைய வழக்கு துலங்குவதே இல்லை.

முதல் வாசிப்பில் நானும் கோபித்துக்கொண்டவன்தான். இரண்டாம் முறை படித்தபோதுதான், இந்த நாவல் துப்பறிவது வழக்கை அல்ல, ராப்பை என்பது எனக்கு விளங்கியது. தானே அந்தப் பழைய சிறுவன் என்பதை மேலதிகாரிகளிடமிருந்து மறைக்கிறான். உடன் பணியாற்றும் காஸி ஒருத்திக்குத்தான் அது தெரியும். இறந்த சிறுமியின் அக்காவிடம் தன்னைப் போலவே காயப்பட்ட ஓர் உயிரைக் காண விரும்புவதால், அவள் சொல்வதையெல்லாம் நம்புகிறான், அவள் சொன்ன வயது உட்பட. அவளுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்பதாலேயே, காஸி அவளிடமிருந்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் செல்லாததாகிவிடுகிறது. பழைய வழக்கு துலங்கி, அவன் மனம் ஆறியிருந்தால் இந்த வீழ்ச்சி வெறும் கவனக்குறைவாகச் சுருங்கியிருக்கும். தான் பொய் சொல்பவன் என்று தொடக்கத்திலேயே அவன் சொல்லிவிடுகிறான்; நாம்தான் அதைக் காதில் வாங்குவதில்லை.

ராப்பைப் பிடிக்கவில்லை, ஆகவே நாவலும் பிடிக்கவில்லை என்போரோடு என்னால் உடன்பட முடியவில்லை. எனக்கும் அவனைப் பிடிக்காது. இருவரும் ஒன்றாகக் கழித்த ஓர் இரவுக்குப் பிறகு காஸியிடம் அவன் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுங்கும் பகுதிகளைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது. ஒருவருக்கொருவர் சமைத்துப்போட்டு, இரவெல்லாம் வழக்கைப் பேசிய அந்த நட்பு முறிவதுதான், எந்தக் கொலையையும்விட, இந்நூலின் பெரிய இழப்பு. அந்த வலியை வாசகரிடம் உண்டாக்க முடிந்த எழுத்தைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ராப் காட்டில் தனியே இரவைக் கழிக்கும்போது நினைவுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. இதோ தெரிந்துவிடும் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கையில் கதவு சாத்தப்படுகிறது. விடை தரப்போவதில்லை என்றால் அத்தனை நெருக்கமாக அழைத்துப் போயிருக்க வேண்டியதில்லை. அங்கே வாசகரின் கோபம் நியாயமானது.

2008-இல் வந்த அடுத்த நாவலைக் காஸியே சொல்கிறாள். அதை நான் உடனே தேடிப் படித்ததற்குக் காரணம், காணாமல்போன அந்த இரண்டு பிள்ளைகள் அல்ல. அவள் எப்படி இருக்கிறாள் என்று அறிய வேண்டியிருந்தது.