நான் ஒண்ணுமே சொல்றதில்லையே

என் வீட்டுக்காரருக்கு டிப்ரஷன்னு டாக்டர் சொன்னப்போ எனக்கு தோணினது ஒண்ணு தான். பிரச்சனை அவருக்கு, மாத்திரை அவருக்கு, நம்ம கூட போய் உக்காந்துட்டு வரணும், அவ்ளோதான். கவுன்சிலர் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கன்னப்ப கூட, அவர் வீட்ல எப்படி இருக்கார்னு கேக்கத்தான் கூப்பிடுறாங்க போலன்னு மொபைல்ல ஒரு லிஸ்டே டைப் பண்ணி எடுத்துட்டு போனேன். குளிக்கிறதில்ல, போன் எடுக்கிறதில்ல, பசங்க கேட்டா பதில் இல்லன்னு நீளமா போகும்.

அந்த லிஸ்ட்ட அவங்க கேக்கவே இல்ல. "அவர் படுத்தே கிடக்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"ன்னாங்க. நான் ஒண்ணுமே சொல்றதில்லையேன்னேன். அதுவரைக்கும் தரையையே பாத்துட்டிருந்த மனுஷன் லேசா சிரிச்சுட்டு, "சொல்லமாட்டா, பாத்திரத்த டொம்முனு வைப்பா"ன்னார். எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு, வேலைக்கும் போய் வீட்டையும் பாத்து கடைசில பேரு இதுவான்னு அங்கயே அழுதுட்டேன். அவங்க அவர் பக்கம் திரும்பி, அந்த சத்தம் கேட்டா உங்களுக்கு என்ன தோணும்னு கேட்டாங்க. "எழுந்து போனாலும் திட்டு, போகலன்னாலும் திட்டு, அதுக்கு போர்வைக்குள்ளயே இருந்துடலாம்"னார். என் சத்தத்துக்கு அவர் உள்ள போறார், அவர் உள்ள போறதுக்கு என் சத்தம் கூடுது. எது முதல்லன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் தான் இப்படி வீட்ல இருக்கவங்களையும் சேர்த்து உக்கார வச்சு பண்ற தெரபி பத்தி தேடித்தேடி படிச்சேன். 2000ல லண்டன்ல டிப்ரஷன் இருக்கவங்கள வச்சு பண்ணின ஒரு ஆய்வுல, மாத்திரை மட்டும் குடுத்தவங்கள்ல பாதிக்கு மேல நடுவுலயே விட்டுட்டாங்க, துணையோட சேர்ந்து தெரபிக்கு போனவங்கள்ல விட்டது 15 சதவீதம் தான். (இத படிச்சுட்டு யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, அவர் இப்பவும் போட்டுட்டு தான் இருக்கார்.) ஸ்கிசோஃப்ரினியால (இல்லாத குரல் கேக்குற, நடக்காதத நடக்குதுன்னு நம்புற மனநோய்) இது இன்னும் பழைய கதை. ஆஸ்பத்திரில இருந்து குணமாகி வர்றவங்க, குறை சொல்லிட்டே இருக்கிற வீட்டுக்கோ, இல்ல கைக்குள்ளயே பொத்தி வச்சுக்கிற வீட்டுக்கோ போனா மறுபடி நோய் திரும்புறது அதிகம்னு 1950கள்ல இருந்தே பாத்துட்டு வர்றாங்க. குடும்பம் தான் நோயை உண்டாக்குச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, இத தப்பா புரிஞ்சுக்கிட்டு எத்தன அம்மாக்கள் மேல பழி போட்டிருக்காங்க! எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு பிரிட்டன்ல பரிந்துரை சொல்ற நைஸ்ங்கிற அமைப்போட வழிகாட்டி 2014ல, இவங்க குடும்பத்தோட சேர்ந்து குறைஞ்சது 10 தடவையாவது தெரபிக்கு உக்காரணும், 3 மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும்னு எழுதியே வச்சிருக்கு. மருந்தோட சேர்த்து தான், மருந்துக்கு பதிலா இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது குடி விஷயத்துல வந்த ஒண்ணு. குடிக்கிறவர் சிகிச்சைக்கு வரவே மாட்டேங்கிறார், சரி, அவர விடு, வீட்ல இருக்கவங்களுக்கு சொல்லிக் குடுப்போம்னு ஆரம்பிச்ச முறை, பேரு கிராஃப்ட். குடிக்காத நேரத்துல நல்லா பழகு, குடிச்சிருந்தா விலகிடு, அவர் பண்ணினதுக்கு நீ போய் சமாளிக்காத, எப்ப டாக்டர் பேச்ச எடுக்கணும்னு நேரம் பாரு. 1999ல வந்த ஆய்வுல இப்படி கத்துக்கிட்டவங்க வீட்ல 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தாங்க, எல்லாரும் கூடி உக்கார வச்சு நேருக்கு நேர் பேசுற முறைல 30 தான். அழுது, கெஞ்சி, சத்தியம் வாங்கின எத்தன பேர எனக்கே தெரியும்.

அதுக்காக குடும்பமா சேர்ந்து தெரபிக்கு போறது எல்லாத்துக்கும் மருந்துன்னு நான் சொல்ல வரல. ரொம்ப நாளா சண்டைலயே இருந்த 134 ஜோடிகள அமெரிக்கால தெரபி குடுத்து 5 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, கிட்டத்தட்ட பாதி பேர் நல்லா தேறினாங்க, கால்வாசிக்கு மேல பிரிஞ்சுட்டாங்க. எனக்கு அது தோல்வியா தெரியல, சில பேர் பிரியவேண்டியவங்க தான். ஆனா அடி வாங்குற, பயந்துட்டே வாழுற வீட்ல ஜோடியா தெரபிக்கு போறது வேணாம். அடிக்கிறவர பக்கத்துல வச்சுக்கிட்டு அவ எப்படி உண்மைய பேசுவா, பேசினா வீட்டுக்கு போனதும் அதுக்கு தனியா விழும். அங்க முதல்ல அவ பத்திரமா இருக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்.

எங்க வீட்ல என்னாச்சுன்னா, பாத்திரம் இன்னும் சில நாள் டொம்முனு தான் விழுது. முன்னாடி போர்வைக்குள்ள போனவர் இப்ப கிச்சன் வாசல்ல வந்து நின்னுட்டு, "இது எனக்கா, இல்ல பாத்திரத்துக்கா?"ன்னு கேக்குறார். பாதி நாள் உண்மையிலயே பாத்திரத்துக்கு தான்.