அறை தயார், போய்வர வண்டி எங்கே?

விண்வெளியில் ஓட்டல் வரப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வரும். பெரிய வட்ட ஜன்னல், அதன் முன்னால் மிதந்தபடி ஒருவர், கீழே நீல நிறத்தில் பூமி. அவர் எதில் ஏறி அங்கே வந்தார், உடம்புக்கு முடியாமல் போனால் எதில் ஏறித் திரும்புவார் என்பதை மட்டும் அந்தப் படம் காட்டாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியார் விண்வெளி நிலையங்கள் பிழைக்குமா என்பது அவற்றுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கலத்தைப் பொறுத்தது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைக் கலத்தை நம்பி அங்கே பயணிகளை அனுப்புவதைச் சட்டம் அனுமதிக்கவே கூடாது.

இது என் பயம் மட்டுமல்ல, வரலாறே அப்படித்தான் இருக்கிறது. உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட்-1ஐ சோவியத் யூனியன் 1971 ஏப்ரலில் ஏவியது. ஜூனில் சோயூஸ்-11 கலத்தில் மூன்று பேர் போய்த் தங்கினார்கள். திரும்பி வரும் வழியில், தரையிறங்கும் முன்பே, கலத்தின் வால்வு ஒன்று திறந்துகொண்டது. உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேறி மூவரும் இறந்தார்கள். அழுத்த உடை அணிந்தால் மூன்று பேருக்கு இடம் போதாது என்பதால் அது இல்லாமலே அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் விட்டுவந்த நிலையம் அப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சோயூஸைத் திருத்தி அமைக்கும்வரை அங்கே போக வேறு வழி இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் சல்யூட்-1 பசிபிக் கடலில் வீழ்த்தப்பட்டது.

அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலாபின் கதையும் இதேதான். கடைசிக் குழு 1974 பிப்ரவரியில் இறங்கியது. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஸ்பேஸ் ஷட்டில் என்ற விண்ணோடம் போய், மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருந்த அதை மேலே தள்ளிவிடும் என்பது கணக்கு. ஷட்டில் முதன்முதலில் பறந்தது 1981 ஏப்ரலில். ஸ்கைலாப் அதுவரை காத்திருக்கவில்லை, 1979 ஜூலை 11 அன்று விழுந்தது. இந்தியாவிலும் நம் தலையில் விழுமோ என்று பெரிய பீதி கிளம்பியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கடைசியில் துண்டுகள் விழுந்தது மேற்கு ஆஸ்திரேலியாவில்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஷட்டில் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஷட்டில்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த மூவரும் மே மாதம் ரஷ்யாவின் சோயூஸில் இறங்கினார்கள். அடுத்து இரண்டு இரண்டு பேராக சோயூஸில் போய்த்தான் நிலையத்தைக் காப்பாற்றினார்கள். இரண்டாவது கலம் ஒன்று அன்று இல்லாமல் இருந்திருந்தால், 2000 நவம்பர் முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த நிலையம் அப்போதே காலியாகியிருக்கும்.

இனி தனியாருக்கு வருகிறேன். இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்தப்பட வைப்பவர் ராபர்ட் பிகலோ. லாஸ் வேகாஸில் ஓட்டல் தொழிலில் சம்பாதித்தவர். 1999இல் பிகலோ ஏரோஸ்பேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நாசா பாதியில் கைவிட்ட ஊதி விரியும் வாழ்விடத் திட்டத்தின் காப்புரிமைகளை உரிமம் பெற்று, சொந்தப் பணத்தைக் கொட்டி வேலை செய்தார். 2006இலும் 2007இலும் ஜெனிசிஸ் என்ற பெயரில் இரண்டு ஆளில்லாச் சோதனை வாழ்விடங்களை ரஷ்ய ராக்கெட்டுகளில் ஏவி, சுற்றுப்பாதையில் விரித்தும் காட்டினார்.

2016இல் அவருடைய பீம் என்ற அறை சர்வதேச நிலையத்தில் பொருத்தப்பட்டது. அதை விரித்த விதத்தை நாசா நேரலையில் காட்டியது. முதல் முயற்சியில் துணி அடுக்குகள் எதிர்பார்த்தபடி விரியாததால் நிறுத்திவிட்டார்கள். மே 28 அன்று மறுபடி தொடங்கினார்கள். ஜெஃப் வில்லியம்ஸ் என்ற வீரர் ஒரு வால்வைச் சில நொடிகள் திறப்பார், மூடுவார், அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார், மறுபடி திறப்பார். சுருட்டிக் கட்டியிருந்த உள் பட்டைகளின் தையல்கள் ஒவ்வொன்றாக விடுபடும்போது சோளப்பொரி பொரிவதுபோலச் சத்தம் கேட்டது. ஏழு மணி நேரத்துக்கும் மேல் பொறுமையாக நடந்த வேலை அது. இரண்டு ஆண்டுகளுக்கென்று அனுப்பிய அந்த அறை நன்றாக உழைத்ததால் நாசா அதைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது. அறை கட்டும் வித்தை அவருக்குக் கைகூடிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வண்டிதான் வரவில்லை. அது வராது என்பது அவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. அதனால்தான் 2004இல், ஆட்களைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றிச் செல்லும் கலம் ஒன்றை 2010 ஜனவரிக்குள் செய்து காட்டுபவருக்கு 5 கோடி டாலர் பரிசு என்று அறிவித்தார். யாரும் அதை வெல்லவில்லை. பிறகு போயிங் நிறுவனத்தோடு சேர்ந்து, இன்று ஸ்டார்லைனர் என்று நாம் அறியும் கலத்தின் தொடக்கப் பணிகளில் பங்கெடுத்தார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கொரோனா முடக்கத்தைக் காரணம் சொல்லி, 2020 மார்ச்சில் தன் ஊழியர்கள் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பினார். அதற்கு இரண்டு மாதம் கழித்து, மே 30 அன்று, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலம் முதன்முறையாக இரண்டு வீரர்களோடு கிளம்பியது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. அவருடைய கனவு தவறாக இருந்ததால் தோற்கவில்லை, வண்டி தாமதமானதால் தோற்றது.

பணக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. 2019இல் நாசா தன் நிலையத்தைத் தனியார் பயணிகளுக்குத் திறந்துவிட்டபோது, ஒருவர் ஓர் இரவு தங்க ஏறத்தாழ 35,000 டாலர் என்று சொன்னது. பத்து நாள் தங்கினாலும் மூன்றரை லட்சம். போய்வர டிராகனில் ஓர் இருக்கைக்கோ, 2022இல் தனியார் விண்வெளிப் பயணங்களை ஏற்பாடு செய்யும் ஆக்ஸியம் நிறுவனத்தின் முதல் பயணத்தில் வெளியான விலை சுமார் 5.5 கோடி டாலர். நாசா தங்கும் கட்டணத்தைப் பின்னாளில் உயர்த்தியது உண்மைதான். எவ்வளவு உயர்த்தினாலும் செலவின் பெரும்பகுதி பயணத்திலேயே இருக்கிறது. இருந்தும் முதலீட்டாளர்களுக்குக் காட்டப்படும் படங்களில் அறையும் ஜன்னலும்தான் முன்னால் நிற்கின்றன.

வாஸ்ட் நிறுவனத்தின் ஹேவன்-1 என்ற சிறிய தனியார் நிலையம் முதலில் 2025 ஆகஸ்டில் பறப்பதாக இருந்து தள்ளிப்போனது. ஆக்ஸியம் தன் சொந்த நிலையத்தின் தொகுதிகளை முதலில் சர்வதேச நிலையத்தில் பொருத்திப் பிறகு பிரித்தெடுக்கத் திட்டமிடுகிறது. இரண்டுமே டிராகனை நம்பியிருப்பவை. புளூ ஆரிஜினும் சியரா ஸ்பேஸும் 2021இல் அறிவித்த ஆர்பிட்டல் ரீஃப் என்ற நிலையம் மட்டும் போயிங்கின் ஸ்டார்லைனரையும் டிரீம் சேசர் விண்விமானத்தையும் கணக்கில் சேர்த்தது. அந்த இரண்டில் எதுவும் இன்றுவரை பயணிகளை ஏற்றிச் செல்லும் நிலைக்கு வரவில்லை.

ஸ்டார்லைனரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2024 ஜூன் 5 அன்று புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் அதில் கிளம்பினார்கள். மறுநாள் நிலையத்தை நெருங்கும்போது, கலத்தைத் திருப்பவும் நகர்த்தவும் பயன்படும் 28 த்ரஸ்டர்களில் ஐந்து நின்றுபோயின. த்ரஸ்டர்களுக்கு எரிபொருளைத் தள்ளிவிடும் ஹீலியம் வாயுவும் கசிந்துகொண்டிருந்தது. தரையில் அதே போன்ற த்ரஸ்டரை எரித்துப் பார்த்தபோது, சூட்டில் டெஃப்லான் அடைப்பு ஒன்று உப்பி, எரிபொருள் போகும் வழியைச் சுருக்குவது தெரிந்தது. செப்டம்பரில் கலத்தை ஆளில்லாமலே இறக்கினார்கள்.

அந்தக் கலம் பிரிந்து போனதற்கும் அடுத்த டிராகன் வந்து சேர்ந்ததற்கும் இடையே மூன்று வாரங்கள். அந்த நாட்களில் நிலையத்தில் தீப்பிடித்தாலோ காற்று கசிந்தாலோ அந்த இருவரும் எதில் இறங்கியிருப்பார்கள் தெரியுமா? ஏற்கெனவே நான்கு பேருக்கென்று அங்கே நின்றிருந்த டிராகனில், இருக்கைகளுக்குக் கீழே சரக்கு வைக்கும் இடத்தில், ஸ்பாஞ்சு போட்டுப் படுக்க வைத்து. நாசா வகுத்திருந்த அவசர ஏற்பாடே அதுதான். அனுபவம் மிக்க கடற்படை விமானிகளான அவர்களுக்கு அது சரி. பணம் கட்டிச் சுற்றுலா வந்த அறுபது வயதுக்காரரை அப்படிப் படுக்க வைக்க முடியுமா? ஹேவன்-1 போன்ற சிறிய நிலையத்தில் ஸ்பாஞ்சு போடுவதற்கு இரண்டாவது கலமே நின்றிருக்காதே!

டிராகன் இருக்கிறதே, நன்றாகத்தானே ஓடுகிறது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், மிக நல்ல கலம். வீரர்களை ஏற்றிச் செல்லும் கலங்களைச் செய்ய நாசா 2014இல் போயிங்கையும் ஸ்பேஸ்எக்ஸையும் தேர்ந்தெடுத்தபோது, போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர். பழைய, பெரிய, நம்பகமான நிறுவனம் போயிங், ஒன்று போதும் என்று அன்று வாதிட்டவர்கள் பேச்சு எடுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு பேருக்குக் கொடுத்ததால்தான் ஒருவராவது தேறினார். அதே நியாயத்தை இன்று தலைகீழாகப் பொருத்திப் பார்க்க வேண்டாமா?

ஆட்களுக்கான டிராகன் கலங்கள் மொத்தம் ஐந்துதான். 2025 ஜூன் 5 அன்று, அமெரிக்க அதிபரோடு நடந்த வாய்ச்சண்டையில், டிராகனைச் சேவையிலிருந்து எடுக்கப்போவதாக எலான் மஸ்க் எழுதினார். சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார். இருக்கட்டும். ஆனால் தனியொருவரின் கோபம் விண்வெளியில் இருப்பவர்கள் வீடு திரும்பும் வழியைத் தொடும் நிலை இருக்கிறது என்பதை அந்தச் சில மணி நேரம் காட்டிவிட்டது. சர்வதேச நிலையத்துக்காவது ரஷ்யாவின் சோயூஸ் இருக்கிறது. தனியார் நிலையங்களுக்கு அதுவும் கிடையாது.

இந்த விஷயத்தில் சீனாவைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. 2025 நவம்பரில் அவர்களுடைய விண்வெளி நிலையத்தில் நின்றிருந்த ஷென்சோ-20 கலத்தின் ஜன்னலில் நுண்ணிய விரிசல்கள் தெரிந்தன. விண்வெளிக் குப்பை மோதியிருக்கலாம் என்றார்கள். அந்தக் குழுவை அடுத்த குழுவின் கலத்தில் இறக்கிவிட்டு, கலம் இல்லாமல் மேலே இருந்த அந்த அடுத்த குழுவுக்காக ஷென்சோ-22ஐ ஆளில்லாமல் நவம்பர் 25 அன்று ஏவினார்கள். மூன்று வாரத்துக்குள் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு குழு மேலே போகும்போதும் அடுத்த ராக்கெட்டையும் கலத்தையும் தரையில் தயாராக வைத்திருக்கும் வழக்கம். லாபம் பார்க்கும் நிறுவனம் எதுவும் தானாக அந்தச் செலவைச் செய்யாது. அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

சட்டம் எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் எஃப்ஏஏ, விண்வெளிப் பயணிகளின் பாதுகாப்புக்கு விதிமுறை வகுக்கக் கூடாது என்று 2004 முதல் ஒரு தடை இருக்கிறது. துறை வளரட்டும் என்று கொண்டுவந்தார்கள், நீட்டித்துக்கொண்டே போய் இப்போது 2028 ஜனவரிவரை வந்திருக்கிறது. பயணி ஆபத்துகளை அறிந்து ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் போதும். சில நிமிடப் பயணத்துக்கு அது போதுமோ என்னவோ, இரண்டு வாரம் தங்கும் இடத்துக்கு நிச்சயமாகப் போதாது. மேலே இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்த இருக்கையோடு ஒரு கலம் எப்போதும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அது பழுதானால் அனுப்ப வேறு வகைக் கலம் ஒன்று தரையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நிலையத்துக்கு டிக்கெட் விற்கக் கூடாது. கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1973இல் ஸ்கைலாபின் இரண்டாவது குழு போன அப்போலோ கலத்தில் த்ரஸ்டர்கள் கசிந்தபோது, நாசா இன்னொரு அப்போலோவை ஐந்து பேர் உட்காரும்படி மாற்றி மீட்புக்குத் தயார் செய்தது. கடைசியில் அது தேவைப்படவில்லை. ஆனாலும் அன்றைய தொழில்நுட்பத்திலேயே முடிந்தது.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் போனது ஆக்ஸியம் ஏற்பாடு செய்த தனியார் பயணத்தில், டிராகன் கலத்தில்தான். ஜூன் 11 அன்று கிளம்ப வேண்டிய அந்தப் பயணம், ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்ததால் தள்ளிப்போனது. கசிவை முழுமையாகச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று தம் குழு வலியுறுத்தியதாகவும், பிறகு குழாயில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டதாகவும் இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் பின்னர் சொன்னார். குமரி மாவட்டத்துக்காரர், வாழ்நாள் முழுவதும் ராக்கெட் எஞ்சின்களோடு இருந்தவர். கசிவு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருக்கை வாங்கியவரும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இந்தியா சரியான வரிசையில் போகிறது என்பது எனக்குப் பெரும் நிறைவு. முதலில் ககன்யான் கலம், அதற்குப் பிறகு 2035க்குள் பாரதிய அந்தரிக்ஷ் என்ற நம் சொந்த விண்வெளி நிலையம். ககன்யானின் எஞ்சின்கள் நம் மகேந்திரகிரியில் எரித்துச் சோதிக்கப்பட்டவை. அரசிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மூன்று பேர் போகும் அந்தக் கலத்தில், பிற நாட்டு நிலையங்களும் ஏற்கும் பொது இணைப்புக் கருவியை இப்போதே திட்டமிட்டுப் பொருத்த வேண்டும். 2030ஐ ஒட்டி சர்வதேச நிலையம் ஓய்வுபெற்ற பிறகு தனியார் நிலையங்கள் கலம் தேடி அலையும். அப்போது தரையில் தயாராக நிற்கும் இரண்டாவது கலம் நம்முடையதாக இருக்கலாம். தாமதமாகிறதே என்று ககன்யானைக் குறை சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. பாராசூட்டையும் அவசரத் தப்பிப்பு அமைப்பையும் எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கட்டும், நிலையத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.