அந்த மீன் அசிங்கமில்லை, அது அடிபட்டுச் செத்த மீன்

பிளாப்ஃபிஷ் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இளஞ்சிவப்பில் கொழகொழவென்று, மூக்கு தொங்கி, வாயைக் கோணிக்கொண்டு இருக்குமே, அதேதான். 'திங்கட்கிழமை காலையில் நான்' என்று போட்டுச் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், ஆனால் அது அந்த மீனின் முகமே இல்லை.

2003இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாஸ்மன் கடலில் ஆயிரம் மீட்டருக்கும் கீழேயிருந்து வலையில் இழுத்த மீன் அது. அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல நூறு மடங்கு. அதில் காற்றுப்பையை வைத்துக்கொண்டு மிதப்பது பெரும்பாடு, அதனால் இதற்குக் காற்றுப்பையே கிடையாது. உடம்பே தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசான கூழ். தசை பேருக்குத்தான். தரைக்குச் சற்று மேலே சும்மா மிதந்துகொண்டு, வாய்க்கு எட்டும் நண்டு நத்தையைத் தின்று காலம் தள்ளும். சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதற்கு உருவம் கொடுக்கிறது, அந்தத் தண்ணீரிலிருந்து பிய்த்து, வலையில் நசுக்கி, மேலே கொண்டுவந்து தட்டில் போட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கிடப்போம். கீழே இருக்கும்போது பெரிய தலையும் ஒல்லி வாலுமாக சாதாரண மீன்தான்.

இதற்கு 2013இல் 'உலகிலேயே அசிங்கமான விலங்கு' பட்டம் வேறு! அழகில்லாத உயிர்களையும் காப்பாற்றுங்கள் என்று சொல்லத்தான் அந்தப் போட்டியை நடத்தினார்கள், நோக்கம் நல்லதுதான். ஆனால் பட்டம் மட்டும் நின்றுவிட்டது, காப்பாற்றுகிற பேச்சு காணோம்.

எனக்குக் கோபம் அந்த வலைமேல்தான். 2025இல் நியூசிலாந்தில் 'ஆண்டின் மீன்' வாக்கெடுப்பில் பிளாப்ஃபிஷ் முதலிடம், ஆரஞ்சு ரஃபி என்ற இன்னொரு ஆழ்கடல் மீன் இரண்டாமிடம். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. ரஃபியைப் பிடிக்க ஆழ்கடல் தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவலையில்தான் பிளாப்ஃபிஷும் தேவையில்லாமல் மாட்டிக்கொள்கிறது. ரஃபி நூறு வயதைத் தாண்டி வாழும், முட்டையிடும் வயதுக்கு வரவே இருபது முப்பது வருடம் ஆகும். கடலடி மலைகளில் கூட்டமாகக் கூடுகிற வழக்கம் வேறு, பிடிப்பவர்களுக்கு வசதி. 1980களில் வேட்டை சூடுபிடித்தது, சில வருடங்களிலேயே பல இடங்களில் கூட்டம் கூட்டமாகக் காலி. தாத்தா வயது மீனை அள்ளிவிட்டு அடுத்த வருடமும் அதே அளவு கிடைக்கும் என்று எப்படித்தான் கணக்குப் போட்டார்களோ.

சரி, ஆழ்கடல் மீனைப் பகிர்ந்தே ஆக வேண்டுமா? 2022இல் ஜப்பானுக்குத் தெற்கே 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு நத்தைமீனைப் படம்பிடித்தார்கள். இவ்வளவு ஆழத்தில் வேறெந்த மீனையும் இதுவரை படம்பிடித்ததில்லை. அங்கே கேமராதான் கீழே போனது, மீன் அது பாட்டுக்கு நீந்துகிறது. அந்த வீடியோவைப் போடுங்கள்.