ஸ்வீட் பாக்ஸும் போனஸும் பாராட்டுக் கணக்கில் வராது

ஓசூர் சிப்காட் பக்கம் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, ஸ்வீட் பாக்ஸ். தீபாவளிக்கு போனஸ். இதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற நிர்வாகங்கள் நிறைய. போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது. அது உழைத்தவரின் உரிமை, தயவுசெய்து பாராட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்.

கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கும் பெண், மரையில் பர் (விளிம்பில் துருத்தி நிற்கும் உலோகப் பிசிறு) இருப்பதைப் பார்த்து லைனை நிறுத்துகிறார். நின்ற நேரத்துக்கு அவருடைய பீஸ் கணக்கு குறைகிறது, இன்சென்டிவ் அடிபடுகிறது. போதாக்குறைக்கு சூப்பர்வைசர் வந்து "ஏம்மா லைன நிறுத்துன?" என்கிறார். அடுத்த தடவை அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? பர் இருக்கிற சரக்கு கஸ்டமர் வரை போய், லாட்டோடு திரும்பி வரும்.

முதலில், நின்ற நேரத்துக்கான பீஸை அவர் கணக்கில் ஏற்றுங்கள். மறுநாள் ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் ஐந்து நிமிட மீட்டிங்கில் அந்தப் பீஸையே கையில் எடுத்துக் காட்டி, யார் கண்டுபிடித்தார், எதைத் தடுத்தார் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் என்ன பீஸ், என்ன பர் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. கூட்டத்தில் கூப்பிட்டால் கூச்சப்படுபவர்கள் உண்டு; அவர்களிடம் மெஷின் பக்கத்திலேயே போய்ச் சொல்லலாம்.

'மாதத்தின் சிறந்த தொழிலாளி' எதை வைத்துத் தேர்வு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டாவிட்டால், சீக்கிரமே "அவன் சூப்பர்வைசர் ஆளு" என்று பேச்சு வரும். அதைச் சமாளிக்க முறை வைத்துக் கொடுப்பார்கள். அப்புறம் அதற்கு மதிப்பே இல்லை.

முழு வருகைக்குப் பரிசு வைப்பது இன்னும் மோசம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் நேரத்தில் அப்படி வைத்தால், வயிற்றுப்போக்கு இருப்பவரும் மறைத்துக்கொண்டு பழம் வெட்ட வந்து நிற்பார். 'விபத்தில்லா மாதம்' பரிசும் இப்படித்தான், வெட்டுப்பட்ட விரலைக் கைக்குட்டையில் சுற்றி மறைக்க வைக்கும். எண்ணெய் சிந்திக் கிடக்கிறது, மெஷினின் பாதுகாப்பு மூடி கழன்றிருக்கிறது என்று முன்னாடியே வந்து சொல்பவருக்கு அந்தப் பரிசைக் கொடுங்கள்.

எனக்கு ஆற்றாமை எல்லாம் காண்ட்ராக்ட் ஆட்களை நினைத்துத்தான். பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து விடியுமுன் கிளம்பி வருகிறார்கள். அதே மெஷின், அதே டார்கெட். விருதுப் பட்டியலில் மட்டும் பெயர் இருக்காது. இந்த ஆயுத பூஜைக்குள் அந்தப் பட்டியலைத் திருத்துங்கள். காண்ட்ராக்டர் தரும் லிஸ்ட்டை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், பெயரும் இனிஷியலும் சரியா என்று அவரவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.